இடம் கிடைத்த பிறகும் மிஞ்சும் செலவு: பெண்களின் மருத்துவப் படிப்பும் உதவித்தொகைகளும்

2020 நவம்பரில் தமிழ்நாட்டின் மருத்துவக் கலந்தாய்வு தொடங்கியபோது, அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு முதன்முறையாகச் செயலுக்கு வந்திருந்தது. முந்தைய ஆண்டில் அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர முடிந்தவர்கள் ஆறு பேர்தான் என்று அரசே கூறியிருந்த நிலையில், அந்த ஆண்டு எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலும் சேர்த்து நானூறுக்கு மேற்பட்ட இடங்கள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. ஆனால் கலந்தாய்வின் முதல் சில நாட்களிலேயே ஒரு சிக்கல் வெளிப்பட்டது. தரவரிசையில் சற்றுப் பின்னால் இருந்தவர்களுக்கு மிஞ்சியவை தனியார் கல்லூரிகளின் இடங்கள். அவற்றில் அரசு ஒதுக்கீட்டுக்கான கட்டணமே ஆண்டுக்குச் சுமார் நான்கு இலட்சம் ரூபாய். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள், அவர்களில் மாணவிகள் பலர், கைக்கு வந்த இடத்தை ஏற்க இயலாமல் திரும்பினர். அதன் பின்னரே கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. உதவித்தொகை வந்து சேரும்வரை காத்திராமல் கல்லூரிகளுக்கு உடனே பணம் செலுத்தச் சுழல் நிதி ஒன்றும் உருவாக்கப்பட்டது. அறிவிப்புக்கு முன்பே இடத்தை இழந்துவிட்டவர்கள் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று.

சில நாட்கள் முந்தி வந்திருந்தால் அந்த அறிவிப்பு யாரையும் திருப்பி அனுப்பியிருக்காது. தொகையும் அதேதான், கொடுப்பவரும் அதே அரசுதான். வந்த நேரம் மட்டுமே வேறு. பெண்கள் மருத்துவம் படிக்கத் தரப்படும் உதவித்தொகைகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் எத்தனை பேருக்கு, எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஒரு பெண் மருத்துவராவதையும் ஆகாமல் போவதையும் தீர்மானித்தவை வேறு மூன்று கேள்விகள் என்று தெரிகிறது. பணம் எப்போது கைக்கு வருகிறது, எந்தச் செலவைத் தாங்குகிறது, பதிலுக்கு அவளிடம் எதைக் கேட்கிறது என்பவையே அவை.

இந்தியாவில் இதன் தொடக்கத்தைப் புரிந்துகொள்ள எடின்பரோவில் 1870இல் நடந்த ஓர் அநீதியிலிருந்து ஆரம்பிப்பது பொருத்தம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க அனுமதி பெற்ற முதல் பெண்கள் குழுவைச் சேர்ந்த எடித் பீச்சி, வேதியியல் தேர்வில் முதல் முறை எழுதியவர்களுள் முதலிடம் பெற்றார். விதிப்படி அவருக்கு உரியது ஹோப் உதவித்தொகை. அதைப் பெறுபவர் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பெண்களுக்குத் தனி வகுப்பு நடத்தப்பட்டதால் அவர் வகுப்பின் முழு உறுப்பினர் ஆகமாட்டார் என்று காரணம் சொல்லி, அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆணுக்கு அது கொடுக்கப்பட்டது. தனி வகுப்பு வைக்கச் சொன்னதும் அதே பல்கலைக்கழகம்தான். அந்த உதவித்தொகையின் மூலதனமோ, பேராசிரியர் தாமஸ் சார்லஸ் ஹோப் நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெண்களுக்கென நடத்திய வேதியியல் சொற்பொழிவுகளின் கட்டணத்தில் திரண்டது. பெண்கள் கொடுத்த பணத்தில் நிறுவப்பட்ட பரிசு ஒரு பெண்ணுக்கு மறுக்கப்பட்டது. 1873இல் அந்தப் பெண்களுக்குப் பட்டமே கிடையாது என்று நீதிமன்றமும் சொல்லிவிட்ட பிறகு, பீச்சி சுவிட்சர்லாந்தின் பெர்னில் பட்டமும் டப்ளினில் தொழில் உரிமமும் பெற்று, 1883 இறுதியில் பம்பாய்க்கு வந்தார்.

அவர் வந்தது இங்கே ஒரு நிதி முயற்சி நடந்துகொண்டிருந்ததால்தான். பெண்களுக்குப் பெண் மருத்துவர்களே வேண்டும் என்று பம்பாயின் வணிகர்கள் சிலர் பணம் திரட்டியிருந்தனர். அதிலிருந்து காமா மருத்துவமனை பிறந்தது. பீச்சி அதன் தலைமை மருத்துவரானார். பிறகு அவர் செய்த ஒரு காரியம் நம் பேசுபொருளுக்கு நேரடியாக உரியது. குழந்தைப் பருவத்தில் கட்டிவைக்கப்பட்ட கணவனுடன் வாழ மறுத்து நான்கு ஆண்டுகள் வழக்காடிய ருக்மாபாய் மருத்துவம் படிக்க விரும்பியபோது, அவருக்காகப் பணம் திரட்ட உதவியவர்களில் பீச்சியும் ஒருவர். இந்தூர் அரசர் ஹோல்கர் 500 ரூபாய் கொடுத்தார். ருக்மாபாய் 1889இல் இலண்டனுக்குச் சென்று, அங்கே பெண்களுக்கென நடந்த மருத்துவப் பள்ளியில் படித்து, 1894இல் தகுதி பெற்றுத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் முப்பத்தைந்து ஆண்டுகள் தலைமை மருத்துவராகப் பணியாற்றினார். தனக்கு மறுக்கப்பட்டதை இன்னொருத்திக்குக் கிடைக்கச் செய்தவர் என்ற முறையில் பீச்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் ருக்மாபாய்க்குக் கிடைத்த உதவி ஒரு தனி மனுஷிக்கானது. வழக்கு ஊரறிந்ததாக இல்லாமலிருந்தால் அந்தப் பணம் திரண்டிருக்குமா என்பது ஐயமே.

சென்னை இதில் சற்று முந்திக்கொண்டது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பிரிட்டனிலேயே இந்த வாய்ப்பு அரிதாக இருந்த காலம் அது. அந்த நால்வருள் ஒருவரான மேரி ஷார்லீப், இலண்டன் சென்று மேற்படிப்பை முடித்துத் திரும்பி, இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இயங்கும் கோஷா ஆஸ்பத்திரி 1885இல் தோன்றக் காரணமானவர். அவரும் உடன் படித்தவர்களும் ஐரோப்பியக் குடும்பங்களையோ ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களையோ சேர்ந்தவர்கள். கதவு திறந்திருந்தது, உள்ளே போகச் செலவு செய்யக்கூடியவர்கள் போனார்கள்.

வங்காளத்தில் அப்போது அந்தக் கதவும் மூடியிருந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களை ஏற்காத நிலையில், அபலா தாஸ் என்ற பெண் 1882இல் வங்காள அரசின் உதவித்தொகையுடன் சென்னைக்கு வந்து மருத்துவம் படிக்கத் தொடங்கினார். ஓர் அரசு தன் மாகாணத்துப் பெண்ணை வேறு மாகாணத்தின் கல்லூரிக்கு அனுப்பப் பணம் கொடுத்தது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. ஆனால் உடல்நலம் குன்றியதால் அவர் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னர் அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸை மணந்து, பெண் கல்விக்காக நெடுங்காலம் உழைத்தார். கிருபாபாய் சத்தியநாதனின் கதையும் ஏறத்தாழ இதுவே. 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து முதல் ஆண்டில் சிறப்பாகத் தேறியவர், உடல் இடங்கொடாததால் விலகினார். கட்டணம் கட்ட வழியிருந்த இவர்கள் இருவரும் கட்டணத்தால் விலகவில்லை. சொந்தங்களை விட்டு வந்த இளம்பெண்ணுக்கு நல்ல உணவு, ஓய்வு, நோய் வந்தால் கவனிக்க ஆள் ஆகியவை எந்தக் கணக்கிலும் எழுதப்படாத தேவைகளாக இருந்தன. இன்றைய விடுதி உணவுக் கட்டணத்தை உதவித்தொகையில் சேர்ப்பதா வேண்டாமா என்று விவாதிப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

1885இல் வைஸ்ராயின் மனைவி டஃபரின் சீமாட்டி தொடங்கிய நிதியோடுதான், பெண்களின் மருத்துவப் படிப்புக்கான உதவித்தொகை தனிமனித ஈகையிலிருந்து நாடு தழுவிய ஏற்பாடாக மாறியது. பன்னா சமஸ்தானத்து அரசியின் நோயைக் குணப்படுத்திய மிஷனரி மருத்துவர் எலிசபெத் பீல்பி, அந்தப்புரப் பெண்கள் மருத்துவமின்றித் துன்புறுகிறார்கள் என்ற அரசியின் செய்தியை 1881இல் விக்டோரியா அரசியிடம் சேர்த்ததும், அரசி டஃபரின் சீமாட்டியிடம் இதைக் கவனிக்கச் சொன்னதும் பலமுறை எழுதப்பட்ட வரலாறு. பெண்களை மருத்துவர்களாகவும் மருத்துவ உதவியாளர்களாகவும் செவிலியராகவும் மருத்துவச்சிகளாகவும் பயிற்றுவிப்பது, பெண்களுக்கு மருத்துவமனைகள் கட்டுவது, பயிற்சி பெற்ற செவிலியரையும் மருத்துவச்சிகளையும் கிடைக்கச் செய்வது ஆகிய மூன்றும் நிதியின் நோக்கங்கள். சமஸ்தான அரசர்களும் செல்வந்தர்களும் வாரி வழங்கினர். படிக்கும் பெண்களுக்கு மாத உதவித்தொகைகள் ஏற்படுத்தப்பட்டன. கல்கத்தாவில் அரசின் சார்பிலும் மாதம் 20 ரூபாய் உதவித்தொகை பெண் மாணவர்களுக்குத் தரப்பட்டது.

இந்த நிதியைப் பற்றி இரண்டு விதமாகவும் எழுதலாம், இரண்டும் உண்மையாகவே இருக்கும். அது இல்லாமல் நூற்றுக்கணக்கான பெண்கள் மருத்துவப் பள்ளியின் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். அதே வேளையில், உயர்நிலை லேடி டாக்டர் பதவிகளுக்குப் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து பெண்கள் வரவழைக்கப்பட்டார்கள். உதவித்தொகை பெற்ற இந்தியப் பெண்கள் பலர் குறுகிய கால, தாழ்ந்த தரப் படிப்புகளுக்கே அனுப்பப்பட்டு, ஆஸ்பத்திரி உதவியாளர்களாகச் சிற்றூர்களில் குறைந்த சம்பளத்தில் அமர்த்தப்பட்டார்கள். பணம் கொடுப்பவர் படிப்பின் தரத்தையும் முடிவு செய்தார். மருத்துவர்கள் விரைவாகவும் மலிவாகவும் வேண்டும் என்ற அவசரம், அந்தப் பெண்கள் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்ற கேள்வியை விழுங்கிவிட்டது.

இதன் முழு வலியையும் ஹைமாவதி சென் என்ற ஒருவரின் வாழ்க்கையில் காணலாம். வங்காளத்தில் ஒன்பது வயதளவில் மணம் முடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே விதவையானவர். பின்னர் மறுமணம் செய்துகொண்டு, கல்கத்தாவின் கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் வங்காள மொழிவழிப் படிப்பில் சேர்ந்தார். 1894இல் அவர் தேர்வில் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கத்துக்கு உரியவரானபோது, ஒரு பெண்ணுக்கு அது போகக் கூடாது என்று ஆண் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இறுதியில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. தங்கப் பதக்கத்தை விட்டுக்கொடுத்து, வெள்ளிப் பதக்கத்தையும் மாத உதவித்தொகையையும் அவர் பெற்றுக்கொண்டார். அவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டியிருந்தது. கணவருக்கு நிலையான வருவாய் இல்லை. அவர் பதக்கத்தைவிட மாதப் பணத்தைத் தேர்ந்ததில் இழிவு எதுவும் இல்லை என்றே நான் கருதுகிறேன். இழிவு, ஒருவரின் உரிமையையும் அவரது சாப்பாட்டையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்தவர்களுடையது. பின்னர் அவர் ஹூக்ளியில் டஃபரின் பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கும் அவர் தகுதிக்கு ஏற்ற பதவி கிடைக்கவில்லை. சான்றிதழின் தரமே அவருக்கு எல்லையாக நின்றது.

புதுக்கோட்டையில் நடந்தது இதற்கு மாறானது. 1886இல் பிறந்த முத்துலட்சுமியை மகாராஜா கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரைச் சேர்க்க ஆணையிட்டதோடு உதவித்தொகையும் கொடுத்தார். தந்தை அதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். இக்காரணத்தாலும் ஊரார் பேச்சு அந்தக் குடும்பத்தை விடவில்லை. இங்கே உதவித்தொகையின் பணமதிப்பைவிட அதன் பொதுமதிப்பு பெரிது. அரசரே ஏற்றுப் படிக்கவைக்கும் பெண்ணை வெளியே போகச் சொல்ல யாராலும் இயலவில்லை. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர் 1912இல் பட்டம் பெற்றார். உதவித்தொகைக்கு ஈடாக அவர் இன்ன இடத்தில் இத்தனை ஆண்டு வேலை செய்தாக வேண்டும் என்ற கட்டு அவர் வாழ்க்கையைச் சுருக்கவில்லை. சட்டமன்ற மேலவையும் அவ்வை இல்லமும் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையமும் அந்தத் திறந்த வெளியில்தான் சாத்தியமாயின.

பணிக்கட்டு எல்லாமே தீங்கு என்று இதிலிருந்து முடிவுகட்டினால் வேலூரின் அனுபவம் இடிக்கும். ஐடா ஸ்கடர் 1918இல் அங்கே பெண்களுக்கென மட்டும் மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்; 1940களில் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்து, 1947இல்தான் ஆண்களைச் சேர்த்தது. திருச்சபைகளும் மிஷன் அமைப்புகளும் மாணவிகளைப் பரிந்துரைத்து அனுப்புவதும், படிப்பு முடிந்ததும் அவர்கள் குறிப்பிட்ட காலம் மிஷன் மருத்துவமனைகளில் பணி செய்வதும் அங்கே வழக்கமாயின. இன்றும் இரண்டாண்டுப் பணி என்ற வடிவில் அது தொடர்கிறது. டஃபரின் நிதியின் கட்டிலிருந்து இது முக்கியமான ஒன்றில் வேறுபட்டது. வேலூர் மாணவி ஆண்களோடு ஒரே தேர்வை எழுதினாள், ஒரே தகுதியைப் பெற்றாள். பணிக்காலம் முடிந்தபின் மேற்படிப்புக்கான வழி அவளுக்குத் திறந்திருந்தது. கடன் தீர்ந்ததும் கட்டு அவிழ்ந்தது. தாழ்ந்த தரச் சான்றிதழ் வாங்கியவருக்கு அந்தக் கட்டு வாழ்நாள் முழுதும் அவிழவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். மருத்துவ வகுப்புகளில் பெண்கள் இன்று ஏறக்குறைய சரிபாதி. அப்படியானால் பெண்களுக்கென்று தனியாக உதவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதிலும் தெளிவானது. சராசரி எந்தப் பெண் என்று சொல்லாது. மருத்துவரின் மகளும் நகரத்துப் பள்ளியில் படித்த அதிகாரியின் மகளும் வகுப்பை நிரப்பும்போது, நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் மகள் வெளியே இருப்பதை அந்த எண் காட்டாது. தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் செலவிட வேண்டிய சூழலில், மகனுக்காகக் காணி நிலத்தை விற்கத் துணியும் குடும்பம் மகளுக்காகவும் துணியுமா என்பது ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக முடிவாகிறது.

அதிலும் படிப்புக்கு முந்தைய ஓராண்டு மிகப் பெரிய தடை. நீட் தேர்வின் விளைவுகளை ஆராய நீதியரசர் ஏ.கே. ராஜன் தலைமையில் அமைந்த குழு 2021இல் தந்த அறிக்கை, மருத்துவ இடம் பெற்றவர்களில் பெரும்பான்மையோர் தேர்வை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதியவர்கள் என்று காட்டியது. ஒரு முறை தவறினால் மறுபடி எழுதலாம் என்பது பையனுக்கு இயல்பாகச் சொல்லப்படும் ஆறுதல். பதினெட்டு வயதுப் பெண்ணை ஓராண்டு பயிற்சி மையத்துக்கு அனுப்பிக் காத்திருப்பது, செலவு ஒருபுறமிருக்க, சொந்தக்காரர்களின் வரன் பேச்சை ஓராண்டு தள்ளிப்போடுவதும்தான். இந்த ஓராண்டுக்கு ஈடுகொடுக்கும் உதவித்தொகை அநேகமாக இல்லை. நாம் வகுத்திருக்கும் திட்டங்கள் பெரும்பாலும் சேர்க்கைக் கடிதம் கையில் வந்த பிறகு தொடங்குகின்றன.

அந்தத் திட்டங்களில் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனெனில் அவை செய்யும் வேலை பெரியது. 2020இன் உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தை 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாயை அவளுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் தந்துவந்த திருமண உதவித் திட்டமே இவ்வாறு உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. திருமணத்தன்று ஒருமுறை தரப்பட்டது படிக்கும் மாதங்களுக்கு நகர்ந்த இந்த மாற்றத்தை, அண்மைக் காலத்தில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவுகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். வேறு உதவித்தொகை பெற்றாலும் இதையும் பெறலாம் என்ற விதியும் மருத்துவ மாணவிகளுக்கு இன்றியமையாதது.

ஆனால் மருத்துவப் படிப்பின் செலவு கட்டணத்தோடு முடிவதில்லை என்பது அரசு மருத்துவக் கல்லூரியில் படித்த எவருக்கும் தெரியும். அங்கே கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தாம். கனமான பாடநூல்கள், வெள்ளை மேலங்கி, ஸ்டெதாஸ்கோப், மெஸ் கட்டணம், ஊருக்குப் போய்வரும் பயணம், மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கான இணையவழிப் பயிற்சி என்று மீதி நீள்கிறது. நாலரை ஆண்டுப் படிப்புக்குப் பிறகு ஹவுஸ் சர்ஜன் காலத்தில் ஊக்கத்தொகை வரும்போதுதான் பலர் முதன்முறையாகக் கடன் வாங்காமல் ஒரு மாதத்தைக் கடக்கிறார்கள். அதற்குமுன் வரும் உதவித்தொகை ஆண்டின் தொடக்கத்தில் வராமல் ஆண்டு முடியும் தறுவாயில் வந்தால், அந்த மாணவி நடுவில் வட்டிக்கு வாங்கியிருப்பாள். பணம் படிப்பைத் தாங்காமல் வட்டியைத் தாங்கும்.

மேற்படிப்பில் இன்னொரு நெருக்கடி காத்திருக்கிறது. கல்கத்தாவின் காதம்பினி கங்குலி மருத்துவம் படித்த நாட்களில் பிள்ளை பெற்றதையும், அதற்காகப் பதின்மூன்று நாட்களே வகுப்புக்கு வராமலிருந்ததையும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1888இல் ஒரு கடிதத்தில் வியந்து எழுதினார். அந்த வியப்பில் எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுகிறது. எம்.டி., எம்.எஸ். படிக்கும் மூன்றாண்டுகள் பெரும்பாலான பெண்களுக்கு இருபதுகளின் பிற்பகுதியில் வருகின்றன. மகப்பேற்று விடுப்பு எடுத்தால் பயிற்சிக் காலம் நீள்கிறது, தேர்வு தள்ளிப்போகிறது, ஒப்பந்தப்படி செய்ய வேண்டிய அரசுப் பணியின் தொடக்கமும் அதோடு தள்ளிப்போகிறது. நீட்டிக்கப்பட்ட மாதங்களுக்கு ஊக்கத்தொகை தடையின்றி வருமா, மருத்துவமனை வளாகத்தில் குழந்தையை விட்டுச்செல்ல இடம் உண்டா, இரவுப் பணி முடிந்து திரும்பப் பாதுகாப்பான விடுதி அறை உண்டா என்பவை எளிய, நிர்வாகத்தால் தீர்க்கக்கூடிய கேள்விகள். இன்றைய உதவித்தொகைத் திட்டங்களை வகுப்பவர்கள் எம்.பி.பி.எஸ். சேர்க்கையோடு நின்றுவிடாமல், தொடங்கும் இடத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிந்தைய காத்திருப்பு ஆண்டுக்கு முன்தள்ளவும், முடியும் இடத்தைச் சிறப்பு மருத்துவப் பட்டம்வரை நீட்டவும் வேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து 2020இல் சேர்ந்த முதல் அணியினர் இப்போது படிப்பை முடித்து மேற்படிப்பின் வாசலில் நிற்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்களில் உள்ள பெண்களுக்கு இந்த இரண்டாவது பகுதி உடனடித் தேவை.